பத்தடி வளையம்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கச்சி எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் சுகம். அணைக்கட்டு வேலை எப்படிப் போகிறது, உன் முதுகுவலி எந்த மட்டில் இருக்கிறது என்று எழுது. நாள் முழுக்கக் கிரேன் கூண்டில் உட்கார்ந்திருக்கிறவன் இறங்கியதும் கொஞ்சம் நடக்க வேண்டும். சொன்னால் கேட்கிற ஜென்மமா நீ!

விஷயத்துக்கு வருகிறேன். உன் மருமகளுக்குப் பதின்மூன்று வயது ஆகப் போகிறது. "மாமா எது கேட்டாலும் வாங்கித் தரேன்னு சொல்லியிருக்காரு" என்று வாலு என் உயிரை எடுக்கிறாள். அவள் கேட்பது வீட்டில் வைத்துக்கொள்கிற பாஸ்கெட்பால் கம்பம். ஏற்றி இறக்குகிற மாதிரி. கடையில் மூன்று வகை காட்டுகிறார்கள். ஒன்று சின்னப் பிள்ளைகளுக்கு, வளையம் ஐந்தடியிலிருந்து ஏழரை வரை போகும். இன்னொன்று ஏழரையிலிருந்து பத்து வரை. மூன்றாவது, குழி தோண்டி நிரந்தரமாக நடுவது. எனக்கு முதல் வகையே போதும் என்று படுகிறது. வீட்டுக்குப் பின்னால்தான் வைக்கப் போகிறோம். கனமான சாமான்களோடு குடும்பம் நடத்துகிறவன் நீ, ஒரு யோசனை சொல்லு.

கண்ணாடிக் கடையில் வேலை அதிகம். அவர் கண் சோதிக்கிறார், நான் ஃபிரேம் மாட்டிப் பார்க்கிறேன். ஊரில் பாதிப் பேர் மூக்கில் எங்கள் சரக்குதான் உட்கார்ந்திருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
தங்கச்சி

பிப்ரவரி 3

என் வாயாடித் தங்கச்சிக்கு,

அண்ணன் நலம். முதுகுவலியும் நலம், அதுவும் என்னோடுதான் இருக்கிறது. இங்கே போன் பேச வேண்டுமென்றால் மலையை விட்டுக் கீழே இறங்க வேண்டும். ஆகவே சாமான் லாரியும் உன் கடிதமும்தான் எனக்கு உலகம்.

முதல் வகையைத் தொடாதே. அது பொம்மை. வாங்கிய வருஷமே வாலு அதைத் தலையால் முட்டுவாள். இரண்டாவது வகை வாங்கு. நான் சும்மா சொல்லவில்லை. இங்கே குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு அதே மாதிரி ஒன்று வாங்கினார்கள். அடியில் இருக்கிற தொட்டியில் தண்ணீர் ஊற்றி நிறுத்தினார்கள். தொட்டியில் ஒரு கீறல், தண்ணீர் ஒழுகியது யாருக்கும் தெரியவில்லை. ஒரு காற்று அடித்தது, கம்பம் மல்லாந்துவிட்டது. நான்தான் மணல் போட்டு நிமிர்த்தினேன். அன்றிலிருந்து இந்தத் துறையில் நான் பெரிய புள்ளி.

பலகை அக்ரிலிக்கில் இருக்கட்டும், பந்து நன்றாகத் திரும்பும். பிளாஸ்டிக் பலகையில் பட்ட பந்து தூங்கி வழியும். கண்ணாடிப் பலகை வேண்டாம், கண்ணாடியை மாப்பிள்ளை கடையோடு நிறுத்திக்கொள்ளட்டும். வளையம் ஸ்பிரிங் வைத்ததாக இருக்க வேண்டும். ஏனென்றால் நம் வாலு எகிறிப் பிடித்துத் தொங்கப் போகிறாள். போன தடவை நான் வந்தபோது கட்டிலிலிருந்து குதித்து விளக்கைத் தொட்டவள் ஆயிற்றே! இப்போது எவ்வளவு உயரம்? நின்ற இடத்திலிருந்து எவ்வளவு எகிறுகிறாள்? கதவோரம் நிற்க வைத்துப் பென்சிலால் கோடு போட்டு அளந்து எழுது.

என் மருமகள் பந்தும் கையுமாக நிற்பதை நினைத்தாலே கூண்டுக்குள் எனக்கு இடம் போதவில்லை.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு.

அண்ணன்

பிப்ரவரி 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லாரும் சௌக்கியம். அவருக்கு லேசாக ஜலதோஷம், அதற்கே வீட்டை இரண்டாக்கிவிட்டார்.

நீ சொன்னபடி இரண்டாவது வகையையே பார்த்தேன். அதில் பல மாதிரி இருக்கிறது. எனக்குத் தெரிய வேண்டியதைக் கேட்கிறேன். ஏற்றி இறக்குகிற கைப்பிடி சிலவற்றில் ரொம்ப உயரத்தில் இருக்கிறது. ஸ்டூலில் உட்கார்ந்தபடி எட்டுகிற மாதிரி உண்டா? தொட்டி சிலவற்றில் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. அது கூடாது, இடிக்கும். பின்னால் தரை முழுக்கச் சிமெண்ட் போட்டாயிற்று. சமையலறை வாசலில் இருந்த படிகளையும் எடுத்துவிட்டுச் சரிவாக்கிவிட்டோம். சுத்தம் செய்ய வசதி.

முக்கியமானது, ஏழரை அடியில் வைத்தால் பலகையின் மேல் விளிம்பு எங்கே நிற்கும்? எங்கள் பின்பக்கம் தெருவை ஒட்டி நிற்பது பழைய குடோன் மதில், பத்தடி இருக்கும். பலகை அதற்குக் கீழே அடங்கிவிட வேண்டும்.

சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். கம்பளி அனுப்புகிறேன்.

தங்கச்சி

மார்ச் 13

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். கம்பளி வந்தது. மேஸ்திரி ஒரு நாள் இரவல் கேட்டார், இன்னும் திரும்பவில்லை.

ஏழரையில் வைத்தால் வளையத்துக்கு மேல் பலகை இரண்டடி நிற்கும். மதிலுக்குள் அடங்கும். பத்தில் வைத்தால் பலகை மொத்தமும் மதிலுக்கு மேல் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அடங்கி என்ன ஆக வேண்டும்? உயர்ந்தால் தெருவே பார்க்கட்டுமே!

கைப்பிடி தாழ்வாக இருக்கிற மாதிரி உண்டு. ஆனால் ஸ்டூலில் உட்கார்ந்து யாரம்மா பாஸ்கெட்பால் விளையாடுகிறார்கள்? மாப்பிள்ளையா? தொட்டி பின்பக்கமாக இருந்து, பலகை கம்பத்திலிருந்து நன்றாக முன்னால் தள்ளி நிற்கிற மாதிரியும் உண்டு. ஓடி வந்து போடுகிறவள் கம்பத்தில் மோதாமல் இருக்க அது நல்லதுதான்.

உயரம் எழுத மறந்துவிட்டாய். எகிறுவதையும் எழுதவில்லை. வாலுவையே இரண்டு வரி எழுதச் சொல். முன்பெல்லாம் உன் கடிதத்தின் ஓரத்தில் எதையாவது கிறுக்கி அனுப்புவாளே, கொஞ்ச நாளாக அதைக் காணோம்.

அண்ணன்

மார்ச் 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். உன் சுகம் எழுதவும்.

யோசித்துப் பார்த்தேன். சின்னப் பிள்ளைகளுக்கான முதல் வகையையே வாங்கிவிடலாம். ஏழரைக்கு மேல் போக வேண்டிய அவசியம் இல்லை. வாலுவுக்குப் பரீட்சை, அதனால் எழுதவில்லை. கடையில் ஆள் நிற்கிறார்கள்.

தங்கச்சி

ஏப்ரல் 16

தங்கச்சிக்கு,

நான் நலம். மற்ற விசாரிப்புகளை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

கிரேன்காரன் உயரத்தில் இருக்கிறவன். கீழே கொக்கியில் மாட்டியிருப்பதன் கனம் கண்ணுக்குத் தெரியாது. கம்பி எவ்வளவு விறைக்கிறது என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். உன் கடிதங்களை ஒன்றாக வைத்துத் திரும்பப் படித்தேன். கைப்பிடி உட்கார்ந்தபடி எட்ட வேண்டும். தொட்டி இடிக்கக் கூடாது. படியை எடுத்துச் சரிவு போட்டாயிற்று. தரை முழுக்கச் சிமெண்ட். உயரம் கேட்டேன், பதில் இல்லை. எகிறுவது கேட்டேன், அதற்கும் இல்லை. நீ என்றைக்கு ஒரு பக்கத்தோடு கடிதத்தை முடித்திருக்கிறாய்?

வாலுவுக்கு என்ன ஆச்சு?

அண்ணன்

ஜூன் 10

அன்புள்ள மாமாவுக்கு,

வாலு எழுதுகிறேன். நீங்கள் நலமா? உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து அம்மா பல தடவை எழுத உட்கார்ந்தாள். "அன்புள்ள அண்ணாவுக்கு" என்பதைத் தாண்டிப் பேனா நகரவில்லை. "விடும்மா, நானே எழுதறேன்" என்று பிடுங்கிக்கொண்டேன். அவளுக்குத் தெரிந்துதான் எழுதுகிறேன், பயப்படாதீர்கள். தபால்தலை ஒட்டப் போவது அவள்தான்.

போன வருஷம் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. முதுகுத்தண்டில் போய் உட்கார்ந்துகொண்டது. காய்ச்சல் போய்விட்டது, ஆனால் இடுப்புக்குக் கீழே எதுவும் என் பேச்சைக் கேட்பதில்லை. இனியும் கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிறைய அழுதேன், அதை மறைக்க மாட்டேன். இப்போது சக்கர நாற்காலி. அப்பாவால் என்னைத் துரத்திப் பிடிக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குப் போகிற இடத்துக்கு ஒரு டீச்சர் வருவார். அவரும் சக்கர நாற்காலியில்தான். பாஸ்கெட்பால் அணி வைத்திருக்கிறார், அக்டோபரில் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கப் போகிறார். "நமக்காக வளையத்தை இறக்கி வைப்பாங்களா டீச்சர்?" என்று கேட்டேன். "எதுக்கு இறக்கணும்? எல்லாருக்கும் பத்தடிதான்" என்றார். மாமா, எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இந்த வருஷம் முழுக்க எனக்காக எல்லாவற்றையும் இறக்கிவிட்டார்கள். சுவிட்சை இறக்கினார்கள், அலமாரியை இறக்கினார்கள், என்னிடம் பேசும்போது குரலைக்கூட இறக்குகிறார்கள். இந்த வளையம் ஒன்றுதான் இறங்க மாட்டேன் என்று நிற்கிறது.

ஏழரைக்கு மேல் வேண்டாம் என்று அம்மா ஏன் சொல்கிறாள் தெரியுமா? எனக்கு எட்டாது என்பதற்காக இல்லை. மதிலுக்கு மேல் தெரிந்தால் யாருக்கு, எதற்கு என்று தெருவில் கேட்பார்கள். தெருவுக்கு இன்னும் சொல்லவில்லை. உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறாள். நான் காரில் ஏறுவதும் இறங்குவதும் ஷெட்டுக்குள்தான்.

ஆகவே பத்தடி வரை போகிற கம்பம் வேண்டும். அக்ரிலிக் பலகை சரி.

உங்கள் செல்ல மருமகள்,
வாலு

ஜூன் 27

வாலுவுக்கு மாமாவின் முத்தங்கள்.

உன் கடிதம் வந்த அன்று கிரேனை நிறுத்திவிட்டு இறங்கிவிட்டேன். தலைசுற்றல் என்று மேஸ்திரியிடம் சொன்னேன். லாரிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து உன்னை மாதிரியே அழுதேன். நானும் மறைக்க மாட்டேன். அழுது முடித்துத் திரும்பப் படித்தபோது "அக்ரிலிக் பலகை சரி" என்ற இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அதென்ன, முதலாளி கையெழுத்துப் போடுகிற மாதிரி!

இன்று மலையை விட்டு இறங்கி, விளையாட்டுச் சாமான் கடைக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். பத்தடி வரை போகும். கைப்பிடி உன் கைக்கு எட்டும். தொட்டி பின்னால் இருக்கும், சக்கரம் முட்டாது. ஸ்பிரிங் வளையத்தை மட்டும் மாற்றவில்லை. வளையத்துக்கு ஸ்பிரிங் இருந்தால் கௌரவம்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

கேன்டீனில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். என் மருமகள் அக்டோபரில் தேர்வுக்குப் போகிறாள், பத்தடி, குறைக்க மாட்டார்கள் என்று. இதைச் சொல்லும்போது நான் உட்கார்ந்து சொல்லவில்லை.

இனி உன் அம்மாவுக்கு.

தங்கச்சி, கடைக்குப் போன் பேசியதும் உன் வீட்டு எண்ணையும் அழுத்தினேன். கடைசி எண்ணில் விரல் நின்றுவிட்டது. எனக்குக் குரல் வந்திருக்காது. உன்னைத் திட்டப் போவதில்லை. உன்னை எனக்குத் தெரியும். சின்ன வயசில் கீழே விழுந்தால் முழங்காலைப் பார்க்க மாட்டாய், யாராவது பார்த்தார்களா என்றுதான் பார்ப்பாய்.

கம்பத்தை நான் அனுப்ப முடியும், கைப்பிடியை இங்கிருந்து சுற்ற முடியாது.

அண்ணன்

ஜூலை 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். இந்தத் தடவை பொய் சொல்லவில்லை, நிஜமாகவே நலம்.

கம்பம் வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரித்ததும் உன் மாப்பிள்ளை மூக்குக் கண்ணாடிக்கு ஆணி முடுக்குகிற ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு கம்பீரமாக வந்து நின்றார். வாலு சிரித்த சிரிப்பில் எனக்கும் அடக்க முடியவில்லை. இந்த வீட்டில் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாயிற்று. பிறகு பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஸ்பானர் வாங்கி வந்து முடுக்கினார். மணல்தான் போட்டோம்.

ஏன் எழுதவில்லை என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து ஆட்கள் தலைக்கு மேல் இரும்பைத் தூக்குகிறவனுக்கு இதை எப்படி எழுதுவேன்? இது பாதி. மீதி, எனக்கு "அய்யோ பாவம்" ஆகாது அண்ணா. நான் இந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடக்கிறவள். என் பெண்ணை யாராவது அப்படிச் சொல்லி, அதை அவள் காதால் கேட்டுவிட்டால் என்ன செய்வேன்? பந்துச் சத்தம் கேட்டு எதிர்வீட்டு வக்கீலம்மா "என்ன வேலை நடக்குது?" என்று கேட்டார். "அலமாரி செய்யறோம்" என்று சொல்லிவிட்டேன். இவ்வளவு நாளாக ஓர் அலமாரியா என்று அந்த அம்மா நினைக்க மாட்டாரா?

வளையம் ஏழரையில்தான் இருக்கிறது. வாலு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

தங்கச்சி

ஆகஸ்ட் 19

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். லாரி புறப்படப் போகிறது, ஆகவே சுருக்கமாக. மேஸ்திரி கம்பளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கொடுக்கும்போது, "உங்க மருமகப் பொண்ணு எத்தனை அடிக்கு வந்திருக்கா?" என்று கேட்டார். ஏழரை என்று சொல்ல வாய் வரவில்லை, பேச்சை மாற்றிவிட்டேன். நம் குடும்பத்தில் எல்லாருக்குமே இது கைவந்த கலை போலிருக்கிறது.

அக்டோபர் பக்கத்தில் வந்துவிட்டது.

அண்ணன்

செப்டம்பர் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லாரும் சுகம். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், குறுக்கே எதுவும் கேட்காமல் படி.

வளையம் ஏழரையில் இருந்தாலும் வாலு அதைப் பார்த்து எறிவதே இல்லை. அதற்கு மேலே பத்தடியில் ஒன்று இருப்பதாக நினைத்துக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்து எறிகிறாள். அதனால் பந்து அடிக்கடி மதிலைத் தாண்டித் தெருவில் போய் விழும். அவரோ நானோ போய் யார் கண்ணிலும் படாமல் எடுத்து வருவோம். போன வாரம் பந்து போனபோது நான் மாவு கையோடு இருந்தேன், அவர் கடையில். "இரு, வரேன்" என்று குரல் கொடுத்துவிட்டுக் கை கழுவுவதற்குள் பின்கேட் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் வாலு தெருவில் நிற்கிறாள். ஆமாம், நிற்கிறாள் என்றே எழுதுகிறேன். எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

வக்கீலம்மா பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதற்குப் பயந்தேனோ அது அந்த அம்மா வாயில் வந்தேவிட்டது. "அய்யோ பாவம், என்னம்மா ஆச்சு?"

நான் கேட்டைப் பிடித்துக்கொண்டேன்.

வாலு சொன்னாள், "காய்ச்சல் வந்துச்சு ஆன்ட்டி, கால் போயிடுச்சு. பந்தைக் குடுங்க, அடுத்த மாசம் எனக்குத் தேர்வு இருக்கு."

அவ்வளவுதான் அண்ணா. நான் இத்தனை மாதமாக வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்ததை இந்தப் பொண்ணு பந்து கேட்கிற அவசரத்தில் சொல்லி முடித்துவிட்டாள். வக்கீலம்மா பந்தைக் கொடுத்துவிட்டு, "என்ன தேர்வு?" என்று கேட்டார். அதற்கப்புறம் "பாவம்" வரவில்லை. கேள்விதான் வந்துகொண்டே இருந்தது. என் மகள் அவருக்கு விதிமுறைகளை விளக்கிக்கொண்டிருந்தாள். இவள் என் வயிற்றில் பிறந்தவள், ஆனால் தைரியத்தை எங்கிருந்தோ தானே கொண்டுவந்திருக்கிறாள்.

உள்ளே போனேன். கை ஈரத்தைக்கூடத் துடைக்காமல் கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தேன். பலகை மெல்ல மெல்ல மதிலைத் தாண்டி ஏறியது. வாலு கேட் வழியாக உள்ளே வந்து பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் இருக்கும்மா" என்றாள். அவர் கடையிலிருந்து வந்ததும் டேப்பை எடுத்து வளையத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்தார். சரியாகப் பத்தடி.

அன்று போட்ட பந்து எதுவும் உள்ளே போகவில்லை. இப்போது போகிறது.

தங்கச்சி

அக்டோபர் 25

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீயும் நலமாக இரு, மேஸ்திரிக்கும் கேன்டீனுக்கும் என் விசாரிப்பைச் சொல்.

எடுத்துவிட்டார்கள். அணியிலேயே சின்னவள் உன் மருமகள்தான். தேர்வில் பல பந்து தவறியது, ஆனால் தவறின ஒவ்வொன்றுக்கும் முதல் ஆளாகப் போய்ப் பந்தை மடக்கினாள். "இந்தப் பொண்ணு எனக்கு வேணும்" என்று டீச்சர் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். நான் எழுந்து நின்று கத்தினேனாம். எனக்கு நினைவில்லை. உன் மாப்பிள்ளைதான் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். வாலு உனக்குத் தனியாக எழுதுவாள், இப்போது ஆளைப் பிடிக்க முடியவில்லை.

அணிச் சட்டை கொடுத்திருக்கிறார்கள். முதுகில் பெரிய எண். போட்டுக்கொண்டே தூங்கி, போட்டுக்கொண்டே சாப்பிட்டு, குழம்பு கொட்டிக்கொண்டாள். இன்று காலையில் பிடுங்கித் துவைத்தேன். பின்னால் கொடி இருக்கிறது, வெயிலும் இருக்கிறது. ஆனாலும் முன்பக்கம் வாசலுக்கு நேராகக் கயிறு கட்டி, எண் தெருவைப் பார்க்கிற மாதிரி விரித்துப் போட்டேன்.

சட்டை எப்போதோ காய்ந்துவிட்டது அண்ணா. எடுக்கத்தான் மனசு வரவில்லை.

உன்,
தங்கச்சி